வயிற்றில் ஒரு ஜன்னல்

காலையில் மெஸ் மூடுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி போய், நாலு இட்லியை மெல்லாமலே உள்ளே தள்ளிட்டு முதல் பீரியடுக்கு ஓடுற கூட்டம் நாம. அந்த இட்லி உள்ளே என்ன ஆகுதுன்னு 200 வருஷத்துக்கு முன்னாடி யாருக்கும் சரியாத் தெரியாது. வயிறு அரைக்குதுன்னு சிலர், வேக வைக்குதுன்னு சிலர், புளிக்க வைக்குதுன்னு சிலர். கண்ணால் பார்த்துச் சொன்னவர் வில்லியம் போமாண்ட்.

1785-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். மெடிக்கல் காலேஜ் பக்கமே போனதில்லை. ஒரு டாக்டரிடம் கூடமாட இருந்து தொழில் கற்று, ராணுவ மருத்துவர் ஆனார்.

1822 ஜூன் 6. மேக்கினா தீவில் ரோமத்தோல் கம்பெனிக் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. படகு வலிக்கும் கூலியாள் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இடது விலாவுக்குக் கீழே பெரிய ஓட்டை. பிழைக்க மாட்டார்னுதான் போமாண்ட்டே நினைச்சார். பிழைச்சார். ஆனா வயிற்றுச் சுவர் காயத்தின் விளிம்போடு ஒட்டி ஆறியதால், ஓட்டை மட்டும் மூடவே இல்லை.

பழைய வேலைக்குப் போக முடியாத அலெக்சிஸை போமாண்ட் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். 1825-ல் சோதனை ஆரம்பம். இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் எல்லாத்தையும் பட்டு நூலில் கட்டி ஓட்டை வழியா இறக்கி, மணிக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரை வெளியே எடுத்து, உடம்புச் சூட்டில் ஒரு குப்பியில் வைத்து அதில் இறைச்சியைப் போட்டார். வயிற்றில் ரெண்டு மணி நேரத்தில் முடிந்தது, குப்பியில் பத்து மணி நேரம் ஆச்சு, ஆனா கரைஞ்சது! அப்போ இது வேதியியல் வேலை. அந்த நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்குன்னு வேதியியலாளர்கள் உறுதி செய்தார்கள்.

1833-ல் வந்த அவர் புத்தகத்தில் 200-க்கும் மேற்பட்ட சோதனைகள். வெந்த சோறு வயிற்றை விட்டுப் போக ஒரு மணி நேரம்; சுட்ட பன்றிக்கறிக்கு 5 மணி 15 நிமிஷம். (இது இரைப்பைக் கணக்கு மட்டும்; சத்தை உறிஞ்சுற பெரிய வேலை அதுக்கப்புறம் சிறுகுடலில்தான்.) பொடியா நறுக்கினது சீக்கிரம் செரிக்குது. அலெக்சிஸுக்குக் கோபம் வந்தா செரிமானம் கெடுது. சாராயம் குடிச்சா அவருக்கு வலியே தெரியாம உள்சுவர் சிவந்து புண்ணாகுது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பயமா இருந்துச்சு.

ஆனா அலெக்சிஸ் பக்கம் நின்னு பாருங்க. எழுதப் படிக்கத் தெரியாதவர். வருஷம் 150 டாலர், சாப்பாடு, தங்க இடம்னு ஒப்பந்தம். பேருக்குப் பதிலா ஒரு எக்ஸ் போட்டார். வயிற்றுக்குள்ளே கருவியை விடுறப்போ மயக்கமும் வலியும் வரும், எரிச்சல்படுவார். சொல்லாமக் கொள்ளாம கனடாவுக்குப் போயிடுவார். 1834-ல் போனவர் திரும்பவே இல்லை. போமாண்ட் வருஷக்கணக்கா கடிதம் போட்டு, பணம் தர்றேன்னு கூப்பிட்டுப் பார்த்தார். நடக்கலை.

1853-ல் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து, அந்தக் காயத்தால் போமாண்ட் இறந்தார். ஓட்டை வயிற்றோட அலெக்சிஸ் அதுக்கப்புறமும் 27 வருஷம் வாழ்ந்தார். 1880-ல் அவர் இறந்தபோது, வயிற்றைக் கேட்டு டாக்டர்கள் வந்தாங்க. குடும்பத்தார் கொடுக்கலை. உடல் அழுகும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, யாரும் தோண்டி எடுக்க முடியாதபடி எட்டடி ஆழத்தில் புதைத்துவிட்டார்கள்.