தன் வாக்காளர்களுக்குப் பாதிப்பே இல்லாத சட்டத்தை எதிர்த்த செல்வநாயகம்: மலையகத் தமிழர் குடியுரிமை இழந்தது எப்படி?

ஆவடி, பூந்தமல்லி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. பூந்தமல்லி என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது அங்கு இயங்கிய சிறப்பு முகாம். இப்படி முகாம்களில் வாழ்பவர்களில் ஒரு பகுதியினரின் சிக்கல் போரில் தொடங்கியதல்ல. 1948-ல், ஒரு சட்டத்தில் தொடங்கியது. அதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம்.

யார் இவர்?

1898 மார்ச் 31-ல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். ஆமாம், அவரே பிழைக்கப் போன குடும்பத்தின் பிள்ளைதான். யாழ்ப்பாணம் தெல்லிப்பளையில் வளர்ந்து, ஆசிரியராக இருந்து, பிறகு கொழும்பில் பெரிய வக்கீல் ஆனார். 1947-ல் காங்கேசன்துறை எம்.பி.

சட்டம் என்ன சொன்னது?

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டு இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்கணும், இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் பிறந்திருக்கணும். தேயிலைத் தோட்ட லயன் வீட்டில் பிறந்தவர் இதற்கெல்லாம் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு ஓட்டுரிமையும் போச்சு.

இதில் கவனிக்க வேண்டியது, செல்வநாயகத்தின் வாக்காளர்களான யாழ்ப்பாணத் தமிழர்களை இந்தச் சட்டம் தொடவே இல்லை. சும்மா இருந்திருந்தால் அவருக்கு எந்த நஷ்டமும் கிடையாது. ஆனால் இன்று தோட்டத் தொழிலாளிக்கு நடப்பது, நாளை மொழிப் பிரச்சினை வரும்போது நமக்கும் நடக்கும் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தார். கட்சித் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்து அமைச்சரானபோது, செல்வநாயகம் வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அதற்குப் பலன்? 1952 தேர்தலில் சொந்தத் தொகுதியிலேயே தோல்வி. வழக்கும் கைகொடுக்கவில்லை. சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டம் செல்லாது என்று அன்றைய அரசியலமைப்பின் 29-வது பிரிவு சொன்னது. ஆனாலும் லண்டன் பிரிவி கவுன்சில் 1953-ல் இந்தச் சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. எழுத்தில் இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான்!

1956-ல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அவர் சொன்னது எட்டே வருஷத்தில் நடந்துவிட்டது. அந்த ஆண்டு காங்கேசன்துறையும் அவரை மறுபடி எம்.பி. ஆக்கியது.

1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அதையும் செல்வநாயகம் எதிர்த்தார்.

நடுக்குவாத நோயாலும் காது கேளாமையாலும் அவதிப்பட்டபடியே அரசியலில் இருந்த அவர், 1977 ஏப்ரல் 26-ல் காலமானார். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க முடிவு செய்தது 2003-ல்தான்.

அதற்குள் போருக்குப் பயந்து தமிழ்நாடு வந்துவிட்ட மலையகத் தமிழர்கள்? கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் இந்தியக் குடியுரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். அவர்களின் மனுக்களைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.