ஏரி வெட்டிய களத்திலிருந்து

பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலை தர, பம்பாய் அரசு கோரேகாவில் ஏரி வெட்டியது. அங்கே காசாளராக இருந்தவர் ராம்ஜி சக்பால். 1901இல் அவரைக் காணப் புறப்பட்ட மகன் பீமராவுக்கு வழியெங்கும் குடிநீர் மறுக்கப்பட்டது. அம்பேத்கரின் வாழ்வை அரசியலமைப்பிலிருந்து சொல்வதே வழக்கம். தொழிலாளர் வழக்குகளை நடத்தும் நாம் இந்த ஏரிக்கரையிலிருந்து தொடங்குகிறோம்.

1923இல் அவர் பம்பாயில் வழக்குரைஞரானார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். பரேலில் ஆலைத் தொழிலாளரிடையே வாழ்ந்தவர், 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவினார். 1938இல் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு களமிறங்கினார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினர். தொழிற்சாலைகளின் வார வேலைநேரம் 54இலிருந்து 48ஆகக் குறைந்தது அக்காலத்தில்தான்.

அவர் தலைமையில் வரைவான அரசியலமைப்பின் 42ஆம் உறுப்பு மனிதத்தன்மையுள்ள பணிச்சூழலைக் கோருகிறது. ஆனால் அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் இழப்பீடு பெற இயலாது. இழப்பீட்டுச் சட்டம் அவ்வாறன்று. சாரத்திலிருந்து விழுந்தவர் முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை; வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து எனக் காட்டினால் போதும். ஒப்பந்தக்காரர் தலைமறைவானாலும், தம் தொழிலுக்காக அவரிடம் வேலையை ஒப்படைத்த கட்டுமான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். கோரிக்கைக்கான காலவரம்பு இரண்டாண்டுகள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தபோதும் இந்த அடிப்படைகள் மாறவில்லை.

மருத்துவமனைக் கட்டிலருகே மேஸ்திரி சில ஆயிரங்களைத் தந்து, இனி எதுவும் கேட்பதில்லை என்று கைநாட்டு வாங்கிய தாள்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். உரிமையைக் கைவிடும் அத்தகைய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.