கலங்கிய நீரும் சந்திரசேகரின் கணிதமும்

இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தேடி இல்லம் கழுவிய நீரில் மணல் விரைவில் படிந்துவிடும். நுண்ணிய களிமண் துணிக்கைகளோ நெடுநேரம் மிதக்கும். நீர் மூலக்கூறுகள் அவற்றை எத்திசையிலிருந்தும் ஓயாது மோதுவது இதற்கொரு காரணமாகும். 1827இல் றொபேட் பிறவுண் நுணுக்குக்காட்டியில் கண்ட இத்தகைய எழுமாறான இயக்கத்துக்கு 1905இல் ஐன்ஸ்டீன் கணித விளக்கமளித்தார். அக்கணிதத்தை விண்மீன்கள்வரை கொண்டுசென்றவர் ஒரு தமிழர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்தார். சேர் சி.வி. இராமனின் சகோதரர் மகனான அவருக்கு வீட்டிலேயே கல்விச்சூழல் வாய்த்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வெண்குறு விண்மீன்களின் திணிவுக்கு எல்லையுண்டு என்பதை அப்பயணத்திலேயே கணித்தார். 1935இல் எடிங்டன் அம்முடிவை இலண்டன் அறிஞர் அவையில் எள்ளி நகையாடினார். சந்திரசேகர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இணைந்தார்.

எழுமாறான இயக்கம் பற்றிய அவரது விரிவான ஆய்வுரை 1943இல் வெளியானது. மிதக்கும் துணிக்கை சராசரியாக இருமடங்கு தூரம் விலகுவதற்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும். அதனைத் தள்ளும் மோதல்களே தடுக்கவும் செய்கின்றன. அவ்வாறே, விண்மீன் கூட்டத்தினூடே செல்லும் விண்மீனும் மற்றவற்றின் ஈர்ப்பால் வேகமிழக்கிறது என அவர் நிறுவினார். 1983இல் நோபல் பரிசு பெற்ற அவர் 1995இல் காலமானார்.

அவருக்கு வாய்த்த வீட்டுச்சூழல் லயன் அறைகளில் வளரும் பிள்ளைகளுக்கு இல்லை. அக்குறையைப் பாடசாலையே நிரப்ப வேண்டும். ஆனால் சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் உயர்தரக் கணிதப் பிரிவைத் தமிழில் கற்கும் வாய்ப்பு இன்னமும் அரிதாகவே உள்ளது. கலங்கிய நீரைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு அதன் கணக்கைக் கற்கும் வழியும் திறக்கப்பட வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.