நிலவின் எதிரொலி கேட்ட ஜோல்தான் பாய்

1946ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10ஆம் நாள், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துக் கேம்ப் எவான்ஸ் படைத்துறை ஆய்வகத்திலிருந்து ஜான் டிவிட் என்பாரும் அவர்தம் குழுவினரும் நிலவை நோக்கி வானொலி அலைகளை ஏவினர். இரண்டரை நொடியில் அவை மோதித் திரும்பின. 'டயானா திட்டம்' எனப்பெற்ற அம்முயற்சியின் புகழ் உலகெங்கும் பரவிற்று. அதே வேலையைப் போரில் சிதைந்த ஒரு நகரில், கொள்ளைபோன ஒரு தொழிற்சாலையின் கூரைமீது, நான்கே கிழமைகள் பிந்திச் செய்து முடித்த மற்றொருவரைப் பற்றி நம் மாணவர்கள் அதிகம் கேள்விப்பட்டிரார். அவர் அங்கேரி நாட்டு இயற்பியல் அறிஞர் ஜோல்தான் பாய்.

பெயரைக் கண்டு நம்மவரோ என மயங்க வேண்டா. அவர் 1900ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் ஜுலவாரி என்னும் சிற்றூரில் கிறித்தவச் சமயகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். எனினும் 'ஜோல்தான்' என்னும் பெயர் 'சுல்தான்' என்னும் சொல்லோடு உறவுடையது என்பர். சொற்கள் நாடு கடந்து செல்லும் வியப்பு இது.

புடாபெஸ்ட்டில் முனைவர் பட்டம் பெற்றுப் பெர்லினில் ஆய்வு செய்த பாய், 1930இல் செகெத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1936இல் மின்விளக்குகளுக்குப் பெயர்பெற்ற துங்ஸ்ராம் தொழிற்சாலையின் ஆய்வகத் தலைமை அவரை நாடி வந்தது. உலகப் போரின் நடுவே ராடார் கருவி அமைக்கும் பணி அவர்மீது சுமத்தப்பட்டது. கருவி உருவாகியதும், அதன் அலைகள் நிலவைத் தொட்டு மீளுமா என்ற எண்ணம் 1944இல் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

காலமோ கொடியது. குண்டுவீச்சுக்கு அஞ்சி ஆய்வகத்தை நகருக்கு வெளியே கொண்டு செல்லவேண்டியதாயிற்று. யூதரான உடன்பணியாளர்கள் வேட்டையாடப்பட்டபோது, தம் உயிருக்கு வரக்கூடிய இடரையும் பொருட்படுத்தாமல் அவர்களைக் காத்தார் பாய். இதற்காக, அவர் மறைந்தபின் 1998இல் யாத் வஷேம் நிறுவனம் அவரைச் சிறப்பித்தது. 1945இல் சோவியத் படையினர் தொழிற்சாலையின் எந்திரங்களையும் ஆய்வுக் கருவிகளையும் பெயர்த்தெடுத்துச் சென்றனர். எஞ்சியது வெற்றுக் கூடம். அவ்வாண்டே குழுவினர் அனைத்தையும் மீண்டும் கட்டத் தொடங்கினர். பின்னாளில் புகழ்பெற்ற ஆசிரியராக விளங்கிய காரோய் சிமோன்யியும் அக்குழுவில் இருந்தார்.

இங்கேதான் பாயின் மதிநுட்பம் வெளிப்படுகிறது. அவரிடம் இருந்த கருவியின் ஆற்றல் குறைவு. நிலவிலிருந்து வரும் எதிரொலியோ கருவியின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். சந்தை இரைச்சலில் ஒருவர் மெல்லிய குரலில் ஒரே சொல்லைச் சொன்னால் நமக்குக் கேளாது. ஆனால் அவர் குறித்த இடைவெளியில் ஆயிரம் முறை சொல்ல, அந்தந்த நொடியில் எழும் ஒலியை மட்டும் நாம் சேர்த்து வைத்தால், இரைச்சல் எங்கும் ஒரே அளவாகச் சேரும். சொல் மட்டும் தன் இடத்தில் மேலோங்கும். இதுவே பாயின் வழி. மூன்று நொடிக்கு ஒரு முறை அலைத்துடிப்பு ஏவப்பட்டது. சுழலும் மின்இணைப்பு மாற்றுக் கருவி (சுவிட்ச்) ஒன்று, திரும்பி வரும் மின்னோட்டத்தைக் கால வரிசைப்படி பத்துக் கண்ணாடிக் குழாய்களுக்குப் பகிர்ந்தளித்தது. மின்னோட்டத்துக்கு ஏற்ப நீர்மம் பகுக்கப்பட்டு, குழாய்களில் ஹைட்ரஜன் வாயு சேர்ந்தது. ஏறத்தாழ ஐம்பது நிமிடம், ஆயிரம் துடிப்பு. 1946 பிப்ரவரி 6ஆம் நாள், இரண்டரை நொடிக்குரிய குழாயில் வாயு மற்றவற்றைவிட மிகுந்து நின்றது. 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நிலவு விடையளித்துவிட்டது!

முதலிடம் அமெரிக்கருக்கே உரியது, அதில் ஐயமில்லை. அவர்கள் எதிரொலியை நேரடியாகத் திரையிலேயே கண்டனர். ஆயினும் மெலிந்த குறிகளைத் திரும்பத் திரும்பக் கூட்டிச் சேர்க்கும் முறையே பிற்கால ராடார் வானியலுக்குப் பெரிதும் கைகொடுத்தது; குழாய்களின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது, அவ்வளவே. இவ்விரண்டாமவரைக் குறைத்து மதிப்பிட என் மனம் ஒப்பவில்லை.

தாய்நாட்டில் அரசியல் நெருக்கடி முற்றவே, 1948இல் பாய் அமெரிக்கா சென்றார். அங்கேரி அறிவியற் கழகம் அவரது உறுப்பினர் தகுதியைப் பறித்தது. நெடுங்காலம் கழித்தே மீட்டளித்தது. அவரோ வாஷிங்டனில் ஆசிரியப் பணியாற்றி, 1955 முதல் அமெரிக்கத் தேசிய அளவைக் கழகத்தில் ஒளியின் வேகத்தை ஆராய்ந்தார். மீட்டர் என்னும் நீள அளவை உலோகத் தண்டாலோ விளக்கொளியின் நிறத்தாலோ வரையறுக்காமல், ஒளியின் வேகத்தைக் கொண்டே வரையறுக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதிட்டார். 1983இல் உலக நாடுகள் கூடி, ஒளி ஒரு நொடியில் 29,97,92,458 மீட்டர் செல்லும் என்பதை நிலையாகக் கொண்டு மீட்டரை வரையறுத்தன. அப்போது அவருக்கு வயது எண்பத்து மூன்று.

1992ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் வாஷிங்டனில் அவர் உயிர் நீத்தார். அவர் விரும்பியவாறே பிறந்த மண்ணாகிய ஜுலவாரியில் அடக்கம் செய்யப்பெற்றார்.