டிகிரி இல்லை.. கையில் கணக்கு நோட்டு மட்டும்! ராமானுஜன் வேலை கேட்டு அலைந்த கதை தெரியுமா?

ராமானுஜன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கேம்பிரிட்ஜ், பேராசிரியர் ஹார்டி, 1729 என்ற எண். ஆனா அதுக்கு முன்னாடி சில வருஷம், ஒரு கிளார்க் வேலை கிடைச்சா போதும்னு சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர். சிபாரிசு செய்ய பெரிய டிகிரி இல்லை. அப்புறம் எப்படி வேலை கிடைச்சுது? விரிவாகப் பார்க்கலாம்.

கணக்கில் ஆர்வம்.. மற்றதில் ஃபெயில்!

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். பள்ளியில் நல்ல பெயர் எடுத்து, 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் சிக்கல். கணக்கைத் தவிர வேற எதையும் படிக்கவே மனசு வரல. மற்ற பாடங்களில் தோற்றதால் உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியல. 1907-ல் மறுபடி எழுதினார், மறுபடி தோல்வி. படிப்பு அதோடு நின்றது.

1909-ல் ஜானகியோடு திருமணம். அடுத்த வருஷம் ஒரு அறுவை சிகிச்சை. குடும்பத்தில் வறுமை. இனி சம்பாதிச்சே ஆகணும் என்ற நிலை. மாணவர்களுக்கு டியூஷன் எடுத்துப் பார்த்தார், அது கைகொடுக்கல.

முதல் கதவு: திருக்கோவிலூர்

1910 வாக்கில் அவர் தேடிப் போனது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி ஐயரை. ஏன் அவர்? 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரே அவர்தான். தன் நோட்டைப் புரட்டினால் அதில் என்ன இருக்குன்னு புரியக்கூடிய ஆள்.

ராமானுஜன் கேட்டது அவர் அலுவலகத்தில் ஒரு சின்ன வேலை. நோட்டைப் பார்த்த ராமசாமி ஐயர் வேலை தரல. இப்படிப்பட்டவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்தால் திறமை வீணாகிவிடும் என்று நினைத்தார். பதிலாக, சென்னையில் உள்ள கணித ஆர்வலர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

25 ரூபாய் உதவி.. ஆனாலும் மனசு கேட்கல

அந்த வழியில் அவர் போய்ச் சேர்ந்தது நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம். அவருக்கு முதலில் சந்தேகம்தான். இவர் உண்மையிலேயே மேதையா, இல்லை ஏதாவது கதை விடுகிறாரா என்று தெரியல. ராமானுஜன் திரும்பவும் போனார், பொறுமையாக விளக்கினார். கடைசியில் நம்பிய ராவ், என்ன வேண்டும் என்று கேட்டார். ராமானுஜன் கேட்டது பதவி இல்லை. சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட ஒரு வழி, அவ்வளவுதான். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்தே கொடுத்தார் ராவ்.

1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளியானது. ஆனாலும் இன்னொருவர் காசில் ரொம்ப நாள் இருக்க அவருக்குப் பிடிக்கல. 1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக வேலை. அது சில வாரம்தான் நீடித்தது.

திருப்புமுனையான விண்ணப்பம்

சென்னை போர்ட் டிரஸ்டில் ஒரு கிளார்க் இடம் காலி என்று கேள்விப்பட்டு, 1912 பிப்ரவரி 9-ல் திருவல்லிக்கேணியிலிருந்து விண்ணப்பம் எழுதினார். அதில் அவர் எதையும் மறைக்கல. மெட்ரிகுலேஷன் முடித்ததையும், எஃப்.ஏ.வோடு படிப்பு தடைப்பட்டதையும், அதன் பிறகு முழு நேரமும் கணிதத்தில் செலவிட்டதையும் நேரடியாகச் சொன்னார். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரைக் கடிதம்.

மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ராமானுஜனின் கணிதத்தில் அக்கறை காட்டினார்.

பதில் வராத கடிதங்கள்

அடுத்து கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பேக்கர், ஹாப்சன் இருவரிடமும் பலன் இல்லை. 1913 ஜனவரி 16-ல் மூன்றாவதாக ஹார்டிக்கு எழுதினார். தான் போர்ட் டிரஸ்ட் கிளார்க், கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்தார். ஹார்டியிடமிருந்து பதில் வந்தது.

அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். உடல்நலம் கெட்டு 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் காலமானார்.

இதில் நமக்கு என்ன இருக்கு?

கவனிச்சுப் பாருங்க. அவர் கண்ணில் பட்ட கதவை எல்லாம் தட்டல. தன் வேலையைப் படிச்சுப் புரிஞ்சுக்கக்கூடியவர்களைத் தேடிப் போனார். வெறுங்கையோடு போகல, செய்த வேலையைக் காட்டினார். தோல்வியை மறைக்கல. கேட்டது சின்ன உதவி. ஒருவர் இல்லை என்றால், அவரிடமிருந்தே அடுத்தவருக்கு வழி பிறந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அவருக்காகப் பேசியவர்கள் எல்லாம் ஒரு சின்ன வட்டம்: கலெக்டர், பேராசிரியர், கணிதக் கழக நிர்வாகிகள். அந்த வட்டத்துக்குள் போக முடிந்ததால்தான் அவர் நோட்டு படிக்கப்பட்டது. அப்படி ஒரு அறிமுகம் கிடைக்காமல் போனவர்களின் நோட்டுகள் என்ன ஆனதோ? அதனால் வேலை தேடுபவர்களுக்கு மட்டும் அல்ல, வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் இது ஒரு செய்தி. யாராவது தன் வேலையை எடுத்துக்கொண்டு நேரில் வந்து நின்றால், மார்க் ஷீட்டைக் கேட்பதற்கு முன் ஒரு பத்து நிமிஷம் அதைப் புரட்டிப் பாருங்க.