பனியில் மழையைத் தேடிய பெரியார்: ஹென்றி பிளான்போர்டு

மழையை நம்பி வாழும் மக்களுக்கு வானமே முதற் பெருநூல். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தமைக்கும் இதுவே காரணம் என்பர் ஆன்றோர். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையைக் கண்டவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். அரூரிலிருந்து ஏறிச் செல்லும் அம்மலையில் மலையாளி என வழங்கும் தமிழ் மலைமக்கள் வாழ்கின்றனர். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்தம் பழம்பயிர்கள். பேராறு எதுவும் பாயாத அச்சரிவுகளில் வித்து முளைப்பதும் முளையாததும் தென்மேற்குக் காற்று கொணரும் மழையின் கையில் உள்ளது.

இம்மலையினர்க்கும் இமயத்துப் பனிக்கும் யாது தொடர்பு? இவ்வினா முதற்கண் நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். எனினும், வடகோடியில் வேனிற் காலத்திலும் பெய்யும் பனி, அவ்வாண்டு இந்திய நாட்டில் உழவன் நிலத்தில் விழப்போகும் மழையைக் குறைக்கக்கூடும் என்று கருதி, அக்கருத்தைக் கணக்கால் ஆராய்ந்து, அதனைக் கொண்டு நாட்டிற்கு முன்னறிவிப்புத் தந்த பெரியார் ஒருவர் இருந்தார். அவரே ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. அன்னாரது வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிளான்போர்டு 1834ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். அங்குள்ள அரசுச் சுரங்கக் கல்லூரியிற் பயின்று, பின்னர் ஜெர்மனி நாட்டுப் பிரைபெர்க் நகரிலும் கல்வி கற்றார். 1855ஆம் ஆண்டில் இவரும் இவர் தமையனார் வில்லியம் தாமஸ் பிளான்போர்டும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அமர்ந்து இந்நாட்டிற்கு வந்தனர். தமையனார் நிலவியலிலும் உயிரியலிலும் பெரும்புகழ் எய்தினார். இளையவர் மண்ணில் தொடங்கி விண்ணில் முடித்தார்.

இவர் ஈடுபட்ட முதற்பணிகளுள் ஒன்று ஒரிசாவிலுள்ள தால்ச்சேர் நிலக்கரி வயலை ஆராய்தல். ஆங்கு நுண்ணிய சேற்றுப் பாறையினிடையே பருத்த உருண்டைக் கற்கள் பதிந்து கிடந்தன. மெல்லிய சேறு படியும் அமைதியான நீரில் இத்துணைப் பெருங்கற்களைக் கொணர்ந்தது யாது? உடன்பிறந்தார் இருவரும் அவர்தம் தோழர் தியோபால்டும், அது பனிக்கட்டியின் செயலாகலாம் என்று 1856ஆம் ஆண்டளவில் எடுத்துரைத்தனர். வெயில் கொளுத்தும் நாட்டில் பனியின் சுவட்டைக் காண்பதற்குத் துணிவு வேண்டும். அக்கருத்து உண்மையென்பதைப் பிற்கால ஆராய்ச்சி நிலைநாட்டியது.

அடுத்து இவர் நம் தமிழகத்திற்கு வந்தார். நீலகிரியின் பாறை அமைப்பை ஆராய்ந்தார். திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காட்டுப் பகுதிகளில் வெயிலிலும் புழுதியிலும் நடந்து, பண்டைக் கடல் விட்டுச்சென்ற படிவுகளை அளந்தார். அப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூவகையாக இவர் பகுத்த முறையே இன்றளவும் அடிப்படையாக நிற்கின்றது. சுருண்ட ஓட்டினையுடைய கடலுயிர்களின் கல்லுருவங்களைப் பற்றியும் இவர் விரிவாக எழுதியுள்ளார். நம் ஊர்ப் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் இடம்பெறச் செய்தவர்களுள் இவரும் ஒருவர் என்பதைத் தமிழ் மாணவர் மறத்தலாகாது.

ஆயினும் காட்டிலும் மேட்டிலும் அலைந்த வாழ்க்கை இவர்தம் உடல்நலத்தைக் குலைத்தது. 1862ஆம் ஆண்டு அப்பணியை விடுத்து, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். அங்குக் கற்பிக்கும் நாளில்தான் வானம் இவரைத் தன்பால் ஈர்த்தது. 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. ஹூக்ளி ஆற்றில் கடலலை சுவரென எழுந்து பாய்ந்தது. நங்கூரம் அறுந்த கப்பல்கள் கரைமேல் ஒதுங்கின. பல்லாயிரவர் மாண்டனர். அப்புயலின் வரலாற்றைக் காஸ்ட்ரெல் என்பாருடன் சேர்ந்து பிளான்போர்டு ஆராய்ந்தார். கடலில் வந்த கப்பல்களின் நாட்குறிப்புகளையும் கரையிலிருந்த காற்றழுத்தமானிகளின் அளவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, புயல் தோன்றிய இடத்தையும் அது சென்ற வழியையும் விளக்கும் அறிக்கையினை 1866ஆம் ஆண்டில் இருவரும் வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே வங்க அரசு இவரைத் தன் வானிலை அறிக்கையாளராக நியமித்தது.

அந்நாளில் இந்தியாவின் வானிலை ஆய்வு மாகாணந்தோறும் தனித்தனியே நடைபெற்றது. ஓரிடத்தில் வெப்பமானியை ஒருவகையாகத் தொங்கவிட்டனர். மற்றோரிடத்தில் வேறுவகையாக வைத்தனர். காற்றோ மாகாண எல்லையை அறியாது. கல்கத்தாப் புயலும், அதன் பின்னர் மழை பொய்த்தமையால் வந்த துன்பங்களும் சேர்ந்து அரசின் கண்ணைத் திறந்தன. 1875ஆம் ஆண்டு நாடு முழுமைக்கும் ஒரே வானிலைத் துறை நிறுவப்பெற்றது. அதன் முதல் தலைவராகப் பிளான்போர்டு பொறுப்பேற்றார். கருவிகளை ஒழுங்குபடுத்துதல், பார்வையாளர்களைப் பழக்குதல், அவர்கட்கு வழிகாட்டும் நூல் எழுதுதல் ஆகிய புகழில்லாத வேலைகளை இவர் முதலிற் செய்தார். நம்பத்தகாத எண்களின்மேல் எழுப்பும் கொள்கை மணல்மேற் கட்டிய வீடென்பதை இவர் நன்கறிந்திருந்தார்.

இவர் பொறுப்பேற்ற மறு ஆண்டே நாட்டின் மீது இடி விழுந்தது. 1876ஆம் ஆண்டு தென்னாட்டில் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு கூறி வந்த பெரும்பஞ்சம் இதுவே. அது 1878 வரை நீடித்தது. சித்தேரி அடங்கிய தருமபுரிப் பகுதி அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேற்பட்டிருந்த அம்மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881ஆம் ஆண்டில் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்துவிட்டது. இவ்வெண்களுக்குள் எத்தனை அடுப்புகள் அணைந்தன, எத்தனை ஊர்கள் பாழாயின என்பதை யாம் விரித்தல் வேண்டா. மக்கள் பட்டினியால் மடிந்த அந்நாளிலும் தானியம் கப்பலேறி வெளிநாடு சென்றது என்பதும் வரலாறு.

மழை பொய்க்கும் ஆண்டை முன்னரே அறிதல் இயலுமா? பஞ்சத்தின் நடுவே எல்லார் உள்ளத்திலும் எழுந்த இவ்வினா, அரசின் வாயிலாகப் பிளான்போர்டிடம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றின் கரும்புள்ளிகளே காரணம் என்று பலர் முழங்கிய காலம் அது. இவர் அவசரப்படவில்லை. தம்மிடமிருந்த பதிவுகளைப் புரட்டினார். 1877ஆம் ஆண்டு வடமேற்கு இமயத்தில் பனி வழக்கத்தினும் மிகுதியாகவும், வேனிற் காலம் வரை காலந்தாழ்த்தும் பெய்திருந்தது. அவ்வாண்டு கோடையில் வடமேற்கு மாகாணங்களில் வறண்ட மேல்காற்று வீசியது, மழை பொய்த்தது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தது தற்செயலோ, தொடர்போ என்று வேறு ஆண்டுகளையும் எடுத்து ஆராயத் தொடங்கினார்.

இவர் கண்ட விளக்கத்தைச் சிறிது நோக்குவோம். கோடையில் நிலம் கடலைவிட மிகுதியாகச் சூடேறுகின்றது. சூடேறிய நிலத்தின்மேல் காற்றழுத்தம் குறைகின்றது. அக்குறையை நாடிக் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து உள்ளே வருகின்றது. இதுவே தென்மேற்குப் பருவக்காற்று. மலைமேல் பனி பரந்து கிடப்பின் நிகழ்வது வேறு. உருகும் பனி வெப்பத்தைத் தான் உண்டுவிடும். மலைமேற் குளிர்ந்த வறண்ட காற்று சமவெளியில் இறங்கிப் பரவும். கடற்காற்றை அழைக்கும் வலிமை நிலத்திற்குக் குறையும். வெண்பனி ஞாயிற்றின் ஒளியைத் திருப்பி அனுப்புவதும், உருகிய நீரால் நனைந்த மண் நெடுநாள் சூடேறாதிருப்பதும் இதற்குத் துணையாகின்றன என்று இக்கால அறிஞர் விளக்குவர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஒருநாட் பனிப்புயலைக் கண்டு இவர் முடிவு கூறினாரல்லர். பனி எத்துணைப் பரப்பில் பெய்தது, எத்துணைக் காலம் தங்கியது, வழக்கத்திற்கு மாறாகப் பிந்திப் பெய்ததா என்பனவற்றையே நோக்கினார். உயர்மலைப் பனியை அளக்க அக்காலத்தில் தக்க கருவிகள் இல்லை. மலைப்பகுதி அலுவலர் எழுதியனுப்பிய செய்திகளையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. இக்குறை இவருக்கு நன்கு தெரியும். ஆதலின் 1882 முதல் 1885 வரை இவர் தந்த முன்னறிவிப்புகள் சோதனை என்ற அளவிலேயே நின்றன. இடையே 1884ஆம் ஆண்டில், இமயப் பனிக்கும் இந்திய வறட்சிக்கும் உள்ள தொடர்பு பற்றிய தம் ஆராய்ச்சியை லண்டன் ராயல் கழகத்தின் வாயிலாக அறிஞர் உலகின்முன் வைத்தார். சோதனை அறிவிப்புகள் ஒருவாறு பலித்தமையால் ஊக்கம் பிறந்தது. 1886ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், இந்தியாவும் பர்மாவும் அடங்கிய பெருநிலப்பரப்பிற்குப் பருவமழை முன்னறிவிப்பு முறையாக வெளிவந்தது. அந்நாளுக்கு முந்திய நாளே இவர் 52 அகவை நிறைந்தார். அன்று தொடங்கிய வரிசையின் வழிவந்தவையே இன்று இந்திய வானிலைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பருவமழை அறிவிப்புகள்.

1880ஆம் ஆண்டில் இவர் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். வங்க ஆசியக் கழகத்தின் தலைமையும் இவரைத் தேடி வந்தது. ஓய்வு பெற்ற பின்னரும் எழுதுகோலைக் கீழே வைத்தாரில்லை. இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் தட்பவெப்பத்தைப் பொதுமக்களும் அறியும்வண்ணம் ஒரு நூலை 1889ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1893ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் இங்கிலாந்தின் போக்ஸ்டன் என்னும் கடற்கரை ஊரில் இயற்கை எய்தினார்.

இவர் கொள்கை பின்னர் யாதாயிற்று? இவருக்குப் பின் தலைமை ஏற்ற ஜான் எலியட் மேலும் பல குறிகளைச் சேர்த்து விரிவான அறிவிப்புகளைத் தந்தார். 1899ஆம் ஆண்டில் நல்ல மழை பெய்யும் என்று அறிவித்தார். கொடிய வறட்சியே வந்தது. மக்களின் நம்பிக்கை தளர்ந்தது. அடுத்து வந்த கில்பர்ட் வாக்கர் கணித முறையைப் புகுத்தி, பசிபிக் கடற்பகுதிக்கும் இந்தியக் கடற்பகுதிக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டார். இமயப் பனியை அவரும் தம் கணக்கிற் சேர்த்துக்கொண்டார். 1876 முதற் கொண்ட பஞ்ச ஆண்டுகளின் வறட்சிக்குப் பசிபிக் கடலின் எல் நினோ வெப்பமும் பெருங்காரணம் என்பது இன்று தெளிந்த செய்தி. அப்பஞ்ச ஆண்டுகளில் ஆசியாவின் பெரும்பரப்பில் காற்றழுத்தம் உயர்ந்திருந்ததைப் பிளான்போர்டும் குறித்துச் சென்றுள்ளார். அதன் மூலத்தை அறியும் வாய்ப்பு அவர் காலத்தில் இல்லை. 1976ஆம் ஆண்டில் ஹான், சுக்லா என்னும் இருவர் செயற்கைக்கோள் தந்த பனிப்பரப்பின் அளவைக்கொண்டு பழைய கொள்கைக்குப் புத்துயிர் அளித்தனர். 1988ஆம் ஆண்டு நம் வானிலைத் துறை வகுத்த 16 குறிகளுள்ளும் இமயப் பனி இடம்பெற்றது. ஆகவே பனி மழையின் தனியரசன் அன்று. அமைச்சருள் ஒருவன் என்பதே பொருந்தும்.

இக்காலத்தில் வானிலையில் ஆர்வமுடைய இளைஞர் நம்மிடையே பலர் உளர். ராடார் படங்களும் செயற்கைக்கோள் காட்சிகளும் அவர்தம் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. சித்திரையில் இமயத்தே பனிப்புயல் அடித்தது என்ற செய்தி வந்த அளவிலே, இவ்வாண்டு மழை இல்லை என்று ஒருவர் உரைப்பார். இல்லை, வெள்ளமே வரும் என்று மற்றொருவர் மறுப்பார். ஆர்வம் நன்றே. ஆனால் அச்சொல்லை நம்பி விதையைத் தூவுவோனும், தூவாது வைத்திருப்போனும் உளர் என்பதை அவர்கள் எண்ணுதல் வேண்டும். விளையாட்டாகச் சொன்ன சொல் பொய்ப்பின் சொன்னவர்க்கு நாணமே இழப்பு. கேட்டவர்க்கோ ஓராண்டு உணவு இழப்பு. பிளான்போர்டு தம் சொல்லின் எல்லையைச் சொல்லோடு சேர்த்தே உரைத்தார். அதே வேளையில், தவறிவிடுமோ என்று அஞ்சி வாய் மூடியும் இருந்தாரல்லர். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைதல் அரிது.

எகிப்து நாட்டில் யோசேப்பு செய்த பணியை நாம் அனைவரும் அறிவோம். வரப்போகும் ஏழாண்டுப் பஞ்சத்தை அவன் முன்னுரைத்தான். அதனோடு அமையாது வளமான ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்து வைத்தான். முன்னுரையும் களஞ்சியமும் ஒரே கையில் இருந்தமையால் மக்கள் பிழைத்தனர். பிளான்போர்டின் கையில் முன்னுரை மட்டுமே இருந்தது. களஞ்சியத்தின் திறவுகோல் பிறரிடம் இருந்தது. பெரும்பஞ்சத்தின் பின் அமைந்த ஆணைக்குழுவின் பரிந்துரையால் 1883ஆம் ஆண்டில் பஞ்ச நிவாரண விதிகள் எழுந்தன. அவையும் பலவிடத்துக் குறையுடையனவாகவே இருந்தன. அறிந்து சொல்வோன் ஒருவனும், கேட்டுச் செய்வோன் ஒருவனும் தேவை என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

மாணவத் தோழர்காள்! நம்மிற் சிலர் அறிஞராய் ஆராயும் இடத்திலும், சிலர் அலுவலராய் ஆளும் இடத்திலும் நாளை அமரக்கூடும். ஆராய்வோர் தாம் அறிந்த அளவை மறையாது உரைப்பாராக. ஆள்வோர் அச்சொல்லைக் கேட்ட அன்றே களஞ்சியத்தின் கதவை நோக்கி நடப்பாராக. அங்ஙனமாயின், வானம் ஓராண்டு வழி தவறினும் சித்தேரி மலைச்சரிவில் அடுப்பு அணையாது.