365 அறைகளில் வளர்ந்த பெண்



நம் பிளாக்கில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாட இரண்டு படிக்கட்டுகளும் ஒரு மொட்டை மாடியும் உண்டு. ஒரு சிறுமிக்கு 7 முற்றங்களும் 52 படிக்கட்டுகளும் 365 அறைகளும் கிடைத்தால் எப்படி இருக்கும்? வாரத்தின் நாட்கள், ஆண்டின் வாரங்கள், ஆண்டின் நாட்கள் என்று அந்த மாளிகையைப் பற்றிக் கணக்கு சொல்வது வழக்கம். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் உள்ள 'நோல்' மாளிகைதான் அது.

எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் 1892-ல் அங்கேதான் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. முதலாம் எலிசபெத் அரசியிடம் கருவூலப் பொறுப்பு வகித்த தாமஸ் சாக்வில் காலத்திலிருந்து அது அவர்கள் குடும்பச் சொத்து. நீண்ட கூடங்கள், சுவர் நிறைய முன்னோர் படங்கள், அரசர் அறையில் வெள்ளி மேஜை, வெளியே மான்கள் மேயும் பூங்கா. இரவில் மெழுகுவர்த்தியோடு தனியாகவே அந்தக் கூடங்களில் நடப்பாராம், பயமே இல்லையாம். பள்ளி வயதிலேயே அந்த முன்னோரை வைத்துக் கதைகளும் நாடகங்களும் எழுதிக் குவித்தார். 1913-ல் திருமணமும் அந்த மாளிகையின் வழிபாட்டுக்கூடத்தில்தான் நடந்தது.

ஆனால் குடும்பச் சொத்து ஆண் வாரிசுக்கே என்பது ஏற்பாடு. 1928-ல் தந்தை இறந்ததும் நோல் சித்தப்பாவுக்குப் போயிற்று. பெண்ணாகப் பிறந்தது ஒன்றே காரணம். வங்கியில் வாரிசுதாரர் விண்ணப்பங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் நான். பணம் போனால் மனிதர்கள் ஆறிவிடுவார்கள்; வளர்ந்த வீடு போனால் லேசில் ஆறுவதில்லை. விட்டாவும் பிறகு அங்கே போவதைத் தவிர்த்தார்.

அதே ஆண்டு தோழி வர்ஜீனியா உல்ஃப், விட்டாவை மனதில் வைத்து 'ஒர்லாண்டோ' நாவலை எழுதினார். கதையிலாவது மாளிகை அவருக்குக் கிடைத்தது. அதன் கையெழுத்துப் பிரதி இன்று நோலிலேயே இருக்கிறது.

விட்டா அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1930-ல் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் என்ற பாழடைந்த இடத்தை வாங்கி, கணவர் ஹெரால்டு நிக்கல்சனோடு சேர்ந்து தோட்டம் போட்டார். கணவர் பாதைகளையும் வேலிகளையும் வகுக்க, செடிகளைத் தேர்ந்து நட்டது விட்டா. 1938 முதல் பொதுமக்களும் வந்து பார்த்தார்கள். 1962-ல் அங்கேயே காலமானார்.

இப்போது இரண்டு இடங்களையும் நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. லண்டனில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் செவனோக்ஸுக்கு ரயில் ஏறுங்கள். அரை மணி நேரப் பயணம்தான். நோலைப் பார்த்த கையோடு, முடிந்தால் மறுநாள் தோட்டத்தையும் பார்த்து வாருங்கள். பேரக்குழந்தைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.